திருக்கோவிலூரிலிருந்து தொலைதூர விமானப் பயணம்: தூரம், பறக்கும் நேரம், உடல்நலம்

வெளிநாட்டில் பணிபுரியும் பிள்ளைகளைக் காணவும், மகளின் பேறுகாலத்தில் உடனிருக்கவும், வேலைவாய்ப்பின் பொருட்டும் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலிருந்து பலர் விமானப் பயணம் மேற்கொள்கின்றனர். பயணச்சீட்டு கைக்கு வந்தவுடன் பெரும்பாலும் எழும் கேள்விகள் இரண்டு: எவ்வளவு தூரம்? எத்தனை மணி நேரம்? இவ்விரு கேள்விகளுக்கும் உடல்நலக் கண்ணோட்டத்தில் விடையளிப்பதே இப்பக்கத்தின் நோக்கமாகும்.

சுருக்கமாகக் கூறினால், உங்கள் உடலைப் பாதிப்பது கிலோமீட்டர் கணக்கு அன்று; அசையாமல் அமர்ந்திருக்கும் மணிக்கணக்கே ஆகும். அந்தக் கணக்கு விமானம் புறப்படும்போது தொடங்குவதில்லை. திருக்கோவிலூரில் பேருந்திலோ காரிலோ ஏறி அமரும்போதே தொடங்கிவிடுகிறது.

இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம்

இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்பது உருண்டையான புவியின் பரப்பின்மீது அளக்கப்படும் மிகக் குறுகிய வழியின் நீளமாகும். இதன்படி சென்னையிலிருந்து சில நகரங்களுக்கான தோராயத் தூரம் வருமாறு:

• சிங்கப்பூர்: 2,900 கி.மீ.
• துபாய்: 2,900 கி.மீ.
• இலண்டன் ஹீத்ரோ: 8,200 கி.மீ.
• சான்பிரான்சிஸ்கோ: 13,900 கி.மீ.

கிழக்கே உள்ள சிங்கப்பூரும் மேற்கே உள்ள துபாயும் சென்னையிலிருந்து ஏறத்தாழச் சம தூரத்தில் இருப்பதைக் காணலாம். திருச்சிராப்பள்ளியிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 3,000 கி.மீ. தொலைவில் உள்ளது.

பெரிய பயணிகள் விமானங்கள் மணிக்கு ஏறத்தாழ 850 முதல் 900 கி.மீ. வேகத்தில் பறக்கின்றன. ஆகவே தூரத்தை 850 ஆல் வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அரை மணி நேரம் சேர்த்தால் பறக்கும் நேரம் தோராயமாகக் கிடைக்கும். உண்மையான நேரம் இதிலிருந்து சற்று மாறுபடலாம். உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் வலுவான காற்று, கிழக்கே செல்லும் விமானத்தை விரைவுபடுத்தும். மேற்கே செல்லும் விமானத்தைத் தாமதப்படுத்தும். சில நாடுகளின் வான்வெளியைத் தவிர்த்துச் சுற்றிச் செல்ல நேர்ந்தாலும் நேரம் கூடும். இக்காரணங்களால் சென்னையிலிருந்து இலண்டன் செல்ல ஏறத்தாழ 11 மணி நேரமும், திரும்பி வர ஏறத்தாழ 10 மணி நேரமும் ஆகின்றன. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் நான்கு முதல் நான்கரை மணி நேரம் ஆகும்.

பயணச்சீட்டில் உள்ள நேரத்தைப் படிக்கும் முறை

பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சிடப்பட்டிருக்கும். இவ்விரண்டையும் நேரடியாகக் கழித்தால் கிடைப்பது பறக்கும் நேரம் அன்று. மருந்து வேளைகளைத் திட்டமிடுவோர் இதனைத் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

கோடைக்காலத்தில் இலண்டன் கடிகாரம் இந்திய நேரத்தைவிட நான்கரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். எடுத்துக்காட்டாக, கோடையில் சென்னையிலிருந்து அதிகாலை 5.30 மணிக்குப் புறப்பட்டு இலண்டனில் நண்பகல் 12.00 மணிக்குச் சேர்வதாகக் கொள்வோம். சீட்டில் ஆறரை மணி நேரம் போலத் தோன்றும். ஆனால் இலண்டனில் நண்பகல் 12.00 என்பது இந்திய நேரப்படி மாலை 4.30 ஆகும், எனவே நீங்கள் விமானத்தில் இருந்தது 11 மணி நேரம். திரும்பும்போது இலண்டனில் பிற்பகல் 1.00 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் அதிகாலை 3.30 மணிக்குச் சென்னை சேர்ந்தால், சீட்டில் பதினான்கரை மணி நேரம் போலத் தோன்றும். உண்மையில் ஆனது 10 மணி நேரமே.

இவ்வாறே, சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியும், துபாய் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பிந்தியும் ஓடும். உங்கள் சீட்டில் உள்ள சேரும் நேரத்தை முதலில் இந்திய நேரத்துக்கு மாற்றி, அதன்பின் கழித்துப் பாருங்கள். கிடைக்கும் விடையைச் சீட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள். மருத்துவரிடம் செல்லும்போது அந்த எண்ணையே கூற வேண்டும்.

வீட்டு வாசலிலிருந்து கணக்கிடுங்கள்

திருக்கோவிலூரிலிருந்து சென்னை விமான நிலையம் சாலை வழியாக ஏறத்தாழ 190 கி.மீ. தொலைவிலும், திருச்சிராப்பள்ளி விமான நிலையம் ஏறத்தாழ 165 கி.மீ. தொலைவிலும் உள்ளன. வெளிநாட்டு விமானங்களுக்கு மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தை அடைய வேண்டியுள்ளது. திருக்கோவிலூரிலிருந்து சென்னை வழியாக இலண்டன் செல்பவரின் உண்மையான பயண நேரம் வருமாறு அமையும்:

• சாலைப் பயணம்: 4 முதல் 5 மணி நேரம்
• விமான நிலையத்தில்: 3 மணி நேரம்
• விமானத்தில்: 11 மணி நேரம்
• குடியேற்றச் சோதனை முடிந்து வீடு சேர: 2 மணி நேரம் அல்லது அதற்கு மேல்

ஆக, பதினொரு மணி நேரப் பயணம் எனக் கருதப்படுவது உண்மையில் இருபது மணி நேரத்தைத் தாண்டுகிறது. அதில் பதினைந்து மணி நேரத்துக்கும் மேலாக நீங்கள் இருக்கையில் அமர்ந்தே இருக்கிறீர்கள். திருச்சிராப்பள்ளி வழியாகச் சிங்கப்பூர் செல்லும் நான்கரை மணி நேரப் பயணமும் இக்கணக்கின்படி பன்னிரண்டு மணி நேரத்தை நெருங்கும். சென்னையிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு இடையில் வேறொரு நகரில் விமானம் மாறிச் செல்வோருக்கு, விமானத்திலும் மாறுமிடத்திலும் மட்டுமே 20 முதல் 24 மணி நேரமோ அதற்கு மேலோ கழியும்.

நான்கு மணி நேரம் என்னும் எல்லை

நெடுநேரம் கால்களைத் தொங்கவிட்டு அசையாமல் அமர்ந்திருந்தால், கெண்டைக்கால் தசைகள் இரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளும் வேலையைச் செய்வதில்லை. கால்களின் ஆழமான சிரைகளில் இரத்தம் தேங்கி உறையக்கூடும். இதற்கு ஆழ்சிரை இரத்த உறைவு என்று பெயர். அவ்வுறைகட்டி பிரிந்து நுரையீரலைச் சென்றடைந்தால் நுரையீரல் தமனி அடைப்பு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

இது விமானத்தால் மட்டும் வரும் நோயன்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஆம் ஆண்டில், இலண்டன் மக்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பதுங்குமிடங்களில் சாய்வு நாற்காலிகளில் இரவு முழுவதும் அமர்ந்திருந்தனர். அவ்வாறு இருந்தோரிடையே நுரையீரல் தமனி அடைப்பால் நேர்ந்த திடீர் மரணங்களை மருத்துவர் கீத் சிம்ப்சன் பதிவு செய்தார். 1954 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஜான் ஹோமன்ஸ், விமானப் பயணம் உள்ளிட்ட நெடுநேர அமர்வுக்குப் பின் காலில் இரத்தம் உறைந்தோரைப் பற்றி எழுதினார்.

உலக சுகாதார நிறுவனம் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு முடிவுகளின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தால் இத்தகைய இரத்த உறைவுக்கான வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. விமானம் மட்டுமன்றி, பேருந்து, கார், இரயில் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். நலமுடன் இருப்போரில், நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணங்களில் ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்கு இது நேரலாம். எனவே பெரும்பாலோர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பின்வருவோருக்கு ஆபத்து கூடுதலாகும்:

• முன்னர் காலிலோ நுரையீரலிலோ இரத்த உறைவு ஏற்பட்டவர்கள்
• அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அல்லது காலில் மாவுக்கட்டு போட்டிருப்பவர்கள்
• புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர்
• கருவுற்ற பெண்கள், அண்மையில் பிள்ளை பெற்ற தாய்மார்கள்
• கருத்தடை மாத்திரை அல்லது ஹார்மோன் மாத்திரை உட்கொள்வோர்
• உடல் பருமன் மிகுந்தோர், முதியோர்

இப்பிரிவுகளில் நீங்கள் அடங்கினால், பயணத்துக்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும். தேவைப்படுவோருக்கு அவர் அழுத்தக் காலுறையையோ மருந்தையோ பரிந்துரைப்பார். பயணத்துக்காகத் தாமாகவே ஆஸ்பிரின் உட்கொள்ளக் கூடாது. கால்களுக்குச் செல்லும் தமனிகளில் அடைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் அழுத்தக் காலுறை அணியக் கூடாது.

பயணத்தின்போது செய்ய வேண்டியவை

முதியோர் பலர் விமானத்தில் கழிவறைக்குச் செல்வதற்குக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கின்றனர். அருகில் இருப்பவரை எழுப்பத் தயங்கி, சன்னலோர இருக்கையில் பத்து மணி நேரம் அசையாமல் இருந்துவிடுகின்றனர். இவ்விரண்டும் கெடுதலாகும். சீட்டு பதிவு செய்யும் பிள்ளைகள், பெற்றோருக்கு நடைபாதையை ஒட்டிய இருக்கையைக் கேட்டுப் பெறவும். அங்கிருந்தால் யாரையும் எழுப்பாமல் எழுந்து நடக்க இயலும்.

• இருக்கைப் பட்டை விளக்கு அணைந்திருக்கும்போது மணிக்கு ஒருமுறையேனும் எழுந்து சிறிது தூரம் நடக்கவும்.
• அமர்ந்திருக்கும்போது குதிகாலை ஊன்றி முன்பாதத்தை உயர்த்தியும், முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை உயர்த்தியும் அடிக்கடி கெண்டைக்கால் தசைகளை இயக்கவும்.
• காலடியில் பைகளை வைத்துக் கால் நீட்டும் இடத்தை அடைக்க வேண்டாம்.
• இறுக்கமான ஆடைகளைத் தவிர்க்கவும்.
• விமானத்தினுள் காற்றின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருக்கும். எனவே சிறிது சிறிதாக அடிக்கடி தண்ணீர் அருந்தவும்.
• மதுவைத் தவிர்க்கவும். தூக்க மாத்திரை உட்கொண்டு அசைவின்றி உறங்குவது நல்லதன்று.
• சாலைப் பயணத்திலும் திண்டிவனம், மேல்மருவத்தூர் போன்ற இடங்களில் வண்டியை நிறுத்தி இறங்கி நடக்கவும்.

விமான நிலையத்தில் நெடுந்தூரம் நடக்க இயலாதோர், சீட்டு பதிவு செய்யும்போதே சக்கர நாற்காலி உதவியைக் கோரலாம். ஆனால் முழுவதும் அதிலேயே அமர்ந்திருக்காமல், காத்திருக்கும் நேரத்தில் இயன்ற அளவு எழுந்து நடப்பது நலம். இடையில் விமானம் மாறும் பயணங்களில் மாறுமிடத்தில் போதிய நேரம் இருக்குமாறு திட்டமிட்டால், முதியோர் பதற்றமின்றி நடந்து செல்லவும் உணவு, மருந்து ஆகியவற்றை உட்கொள்ளவும் இயலும்.

விமானத்தினுள் மலை உயரம்

விமானம் 10 முதல் 12 கி.மீ. உயரத்தில் பறந்தாலும் அதனுள் காற்றழுத்தம் செயற்கையாகக் கூட்டப்படுகிறது. எனினும் அது தரைமட்டத்தின் அளவுக்கு இருப்பதில்லை. 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதற்கு ஒப்பானது. நமது கல்வராயன் மலையின் மேட்டுநிலங்களைவிட இது மிக உயரம். ஏறத்தாழ உதகமண்டலத்தின் உயரமாகும். நலமுடன் இருப்போர் இதனை உணர்வதே இல்லை. ஆனால் இதய நோய், நாள்பட்ட நுரையீரல் நோய், கடுமையான இரத்தசோகை, அரிவாள் அணு நோய் ஆகியவை உள்ளோர் இந்த உயரத்தில் பல மணி நேரம் இருக்கலாமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

வீட்டிலேயே ஓர் எளிய அறிகுறியைக் கவனிக்கலாம். சமதரையில் இயல்பான வேகத்தில் 50 மீட்டர் நடக்கும்போதோ, ஒரு மாடிப்படி ஏறும்போதோ கடுமையாக மூச்சு வாங்கினால், சீட்டு பதிவு செய்வதற்கு முன்பே மருத்துவரை அணுகவும். அண்மையில் மாரடைப்பு, பக்கவாதம், வயிறு அல்லது மார்பு அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கு உள்ளானோர் மருத்துவரின் அனுமதியின்றிப் பறக்கக் கூடாது.

கருவுற்றோர் 28 வாரங்களுக்குப் பின் மருத்துவச் சான்றுடன் பயணம் செய்ய வேண்டும். 36 வாரங்களுக்குப் பின்னும், இரட்டைக் கருவாயின் 32 வாரங்களுக்குப் பின்னும் விமானப் பயணத்தைத் தவிர்க்க வேண்டும். விமான நிறுவனங்களின் விதிகள் மாறுபடுவதால் முன்கூட்டியே கேட்டறியவும்.

சளியில் கிருமி உள்ள காசநோயாளிகள், தொற்று நீங்கியதாக மருத்துவர் கூறும்வரை விமானத்தில் செல்லக் கூடாது. எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் நீடிக்கும் பயணங்களில் அருகில் அமர்ந்திருப்போருக்குத் தொற்றும் வாய்ப்பு கருத்தில் கொள்ளப்படுகிறது.

நீரிழிவு நோயாளிகளின் மருந்து வேளைகள்

மேற்கூறிய இலண்டன் எடுத்துக்காட்டை மீண்டும் நோக்குக. செல்லும் நாளில் கடிகாரம் பின்னுக்கு நகர்வதால் உங்கள் ஒரு நாள் 28½ மணி நேரமாக நீள்கிறது. திரும்பும் நாளில் அது 19½ மணி நேரமாகச் சுருங்குகிறது. மேற்கே செல்லும்போது கூடுதல் உணவு வேளையும் அதற்கேற்ற இன்சுலினும் தேவைப்படலாம். கிழக்கே வரும்போது வழக்கமான அளவையே போட்டுக்கொண்டால் இரண்டு ஊசிகளுக்கு இடைப்பட்ட நேரம் குறைந்து, இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். அளவை எவ்வாறு மாற்றுவது என்பதை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். பறக்கும் நேரம், நேர வேறுபாடு ஆகியவற்றை மருத்துவரிடம் கூறி, வேளைவாரியாக எழுதி வாங்கிக்கொள்ளவும்.

• இன்சுலினைச் சரக்காக ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக் கூடாது. குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். கைப்பையில் வைக்கவும்.
• பயண நாள்களுக்குத் தேவையானதைவிடக் கூடுதலான மாத்திரைகளைக் கைப்பையில் வைத்திருக்கவும். பெட்டி தாமதமாக வந்தாலும் மருந்து தடைப்படாது.
• மருந்தின் மூலப்பெயர் எழுதப்பட்ட மருந்துச் சீட்டை உடன் கொண்டு செல்லவும்.
• சர்க்கரை தாழ்ந்தால் உட்கொள்ள இனிப்பு அல்லது குளுக்கோஸ் எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.
• சிறுநீர் கூடுதலாகப் பிரியச் செய்யும் இரத்த அழுத்த மாத்திரையைப் பயணத்தின் பொருட்டுத் தாமாக நிறுத்த வேண்டாம்.
• ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் டிரமடால், கோடீன் உள்ளிட்ட மருந்துகளுக்கு முன் அனுமதி தேவை. வலி மாத்திரையோ இருமல் மருந்தோ கொண்டு செல்வதாயின் முதலில் விசாரித்து அறியவும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டிலேயே மாத்திரை பெறுவோர், வெளிநாட்டில் தங்கும் காலத்தைச் சுகாதாரப் பணியாளரிடம் முன்கூட்டியே தெரிவித்து ஆலோசனை பெறவும்.

உடல் கடிகாரம்

உடலின் உறக்க விழிப்புச் சுழற்சி புதிய ஊரின் நேரத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர அளவிலேயே மாறுகிறது. இலண்டனுக்கு நான்கைந்து நாள்களும், நேர வேறுபாடு பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டும் கலிபோர்னியாவுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். பொதுவாக மேற்கே செல்வதைவிடக் கிழக்கே செல்வது கடினமானது. சேர்ந்த ஊரின் நேரப்படி உண்ணவும் உறங்கவும் தொடங்குங்கள். பகலில் வெளிச்சத்தில் சிறிது நேரம் நடங்கள். முதியோர் நள்ளிரவில் விழித்துப் புதிய வீட்டில் இருட்டில் நடந்து விழுந்துவிடாதிருக்க, கழிவறைக்குச் செல்லும் வழியில் சிறு விளக்கு எரியட்டும்.

திரும்பி வரும்போது

நெடும்பயணத்தின் கடைசி நான்கு மணி நேரம் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. சென்னையில் அதிகாலை இறங்கி, உடனே காரில் ஏறித் திருக்கோவிலூர் வரை உறங்கிக்கொண்டே வருவது, பத்து மணி நேர அமர்வின்மீது மேலும் நான்கு மணி நேர அமர்வைச் சேர்ப்பதாகும். அழைத்துச் செல்ல வந்தவரும் இரவு முழுவதும் விழித்திருந்து வண்டி ஓட்டுபவராக இருப்பார். நெடுஞ்சாலையில் ஓட்டுநர் ஒரு நொடி கண்ணயர்ந்தாலும் விபத்து நேரும். ஆகவே ஓட்டுநர் உறங்கி எழுந்த பின்னர் புறப்படவும். அல்லது விடிந்தபின் பேருந்திலோ இரயிலிலோ வரவும். விமானத்திலிருந்து இறங்கியவர் தாமே வண்டி ஓட்டுதல் கூடாது.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

இரத்த உறைவின் அறிகுறிகள் பயணம் முடிந்த அன்றே தோன்ற வேண்டும் என்பதில்லை. சில வாரங்கள் கழித்தும் தோன்றலாம்.

• ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்காலில் வலி, சூடு அல்லது சிவப்பு
• திடீர் மூச்சுத்திணறல்
• மூச்சை இழுக்கும்போது கூடும் நெஞ்சுவலி
• இருமும்போது இரத்தம் வருதல், மயக்கம்

இரு கால்களிலும் சமமாகத் தோன்றும் சிறு வீக்கம் நெடும்பயணத்துக்குப் பின் இயல்பானது. ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஒரு காலில் மட்டும் வீக்கம் இருந்தால், சுளுக்கு என எண்ணி எண்ணெய் தேய்த்து நீவிவிட வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டால் தாமதியாமல் 108 ஆம்புலன்சை அழைக்கவும். திருக்கோவிலூர் அரசு மருத்துவமனை, கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றில் மருத்துவ உதவி பெறலாம். பொதுவான உடல்நல ஆலோசனைக்கு 104 என்ற எண்ணைத் தொடர்பு கொள்ளவும்.

மருத்துவரைச் சந்தித்ததும் முதலில் கூற வேண்டியது: “நான் விமானத்தில் வந்தேன், இந்த நாளில் வந்தேன், இத்தனை மணி நேரம் அமர்ந்திருந்தேன்.” சீட்டின் ஓரத்தில் எழுதி வைத்த எண் இங்கும் பயன்படும். கால்வலி என்று மட்டும் கூறினால் நோயைக் கண்டறியத் தாமதமாகலாம். எனவே பயணச் சீட்டைப் பயணம் முடிந்து இரண்டு மாதங்கள் வரை பத்திரமாக வைத்திருங்கள்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்களே. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற அறிவுரையை உங்கள் மருத்துவரிடமே பெறவும்.